யப்பான் ஹொலியும் யாழ்ப்பாணத்து முதுகும்

போன மாதம் நான் முந்தி வேலை செய்த மரக்கன்றுப் பண்ணையிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கோப்பி நேரத்தில் நான் வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சாடியில் குறுக்கி வளர்க்கிற ஒரு பொன்சாய் மரத்தை உருவாக்குவது எப்படி என்று கதைக்க வேண்டுமாம். பண்ணையில் இன்றைக்கும் என்னைப் பற்றிப் பேச்சு இருக்கிறதாம். என்ன பேச்சு என்று கேட்டேன். "கீழைத்தேய ஞானி ஒருவர் இங்கே வேலை செய்தவர் என்று" என்றாள். நான் தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

போனேன். வந்திருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கைத்தொலைபேசியில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் நல்லாயிருந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எங்களுடைய சனம் யாரையும் லேசில் ஞானி என்று ஒத்துக்கொள்ளாது. அந்த விஷயத்தில் அவர்களை நம்பலாம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் நான் சங்கக்கடைக் கிளாக்கர். மா, சீனி, மண்ணெண்ணெய் வந்தால் பதிவது என் வேலை. வீட்டுக் கிணற்றடியில் நின்ற வாழைக்குக்கூட நான் தண்ணீர் விட்டதில்லை. நாங்கள் குளிக்கிற தண்ணீரில் அது தன்பாட்டில் வளர்ந்தது. பிரச்சினைக் காலத்தில் டென்மார்க்குக்கு வந்து, மொழிப் பள்ளிக்கூட வாங்கில் இருந்தெழும்பி, ஓல்போர்க் பக்கத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றேன். கலியாணம் கட்டி டோஸ்ட்ருப்புக்கு வந்தபோது, வேலை தேடித் தருகிற பெண் கேட்டாள்: "உனக்கு இயற்கை பிடிக்குமா?" எனக்கு மீன் நாற்றம் பிடிக்காது என்றேன். அப்படித்தான் மரக்கன்றுப் பண்ணைக்குப் போனேன்.

முப்பது வருடம் வெளித்தரையில் வேலை. மரங்களை வேர்மண்ணோடு கிண்டியெடுத்து, சாக்கால் சுற்றிக் கட்டி, இழுவைப்பெட்டியில் ஏற்ற வேண்டும். மிச்ச நேரத்தில் வேலிச்செடிகளை உருண்டை உருண்டையாகக் கத்தரிக்க வேண்டும். அந்தத் தட்டை வெளியில் மாசி மாதக் காற்று சட்டைக்குள் புகுந்து சுகம் விசாரித்துவிட்டுத்தான் போகும். ஐம்பத்தெட்டு வயதில் என் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, குனியாதே, தூக்காதே, கிண்டாதே என்றார். என் வேலையில் இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது கோப்பி குடிப்பது மட்டும்தான்.

கண்ணாடிக்கூடத்துக்குள் நின்று செய்கிற வேலைகள் சில இருந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. உள்ளே ஒரு இடம் கிடைக்காவிட்டால் நான் போகவேண்டியது நகரசபையின் வேலை நிலையத்துக்கு. அறுபதை எட்டப்போகிற மனிதனை அங்கே ஒரு கணினிக்கு முன்னால் இருத்தி, கிடைக்கவே கிடைக்காத வேலைகளுக்கு விண்ணப்பம் எழுதப் பழக்குவார்கள். அந்தக் கதிரையில் இருந்துவிட்டு வந்த எங்கள் ஆட்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உண்மையிலேயே பயம்.

இந்த நேரத்தில்தான் தோர்பென் யப்பானுக்குப் போய்வந்தார். தோர்பென் எங்கள் பிரிவுக்குத் தலைவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், நல்ல மனிதர், கோபம் என்பதே வராது. டெனிஷ் மேலதிகாரிகள் உத்தரவு போடமாட்டார்கள். கொட்டிலைக் கூட்டு என்று சொன்னால் அது அடக்குமுறை. "கொட்டிலைக் கூட்ட உனக்கு விருப்பமாக இருக்குமா?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் அப்படி அவர் கேட்டபோது, விருப்பமில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நான் கோப்பி குடிக்கப் போய்விட்டேன். மனிதர் அன்று முழுக்கத் துக்கத்தோடு திரிந்து, கடைசியில் தானே கூட்டினார். அடுத்த நாள் மாரெக் வந்து எனக்கு விளக்கம் தந்தார். மாரெக் போலந்துக்காரர், பண்ணையின் உழவு இயந்திரம் ஓட்டுபவர், பேச்சுக் குறைவு. "அவர் கேட்டால் உனக்கு விருப்பம்" என்றார். அவ்வளவுதான் என் தொழில் பயிற்சி.

தோர்பென் யப்பானில் நின்றது இரண்டு கிழமை. வரும்போது ஒரு நீல ஏப்ரனும், விதவிதமான கத்தரிக்கோல்களும், குனிகிற பழக்கமும் கொண்டுவந்தார். காலையில் என்னைக் கண்டால் கைகளைத் தொடையில் வைத்து இடுப்பிலிருந்து குனிவார். மரியாதைக்கு நானும் குனிய வேண்டியிருந்தது. வைத்தியர் குனியாதே என்று சொன்ன அதே இடுப்பு. மற்ற டெனிஷ்காரருக்கு அவர் இப்படிக் குனியவில்லை, மாரெக்குக்கும் குனியவில்லை. ஆசியாவிலிருந்து பண்ணையில் நின்றது நான் ஒருவன்தான்.

ஒருநாள் என்னைக் கண்ணாடிக்கூடத்துக்குள் கூப்பிட்டார். "யோகா" என்றார். என் பெயர் யோகராசா. டெனிஷ் வாய்க்குள் அடங்கியது முன்பாதி மட்டும். "இங்கே ஒரு பொன்சாய் மேசை போடப்போகிறோம். உங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் இருக்கிறது."

"எது?"

"அந்தப் பொறுமை. மரம் சொல்வதைக் கேட்கிற பொறுமை. கியோத்தோவில் ஒரு பெரியவரைப் பார்த்தேன், அப்படியே உன் முகம்."

என் அப்பாவின் பொறுமையை ஊரே அறியும். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று கோப்பையோடு வேலிக்கு மேலால் எறிகிற மனிதர். பொன்சாய் என்ற சாமானை நான் முதன்முதலாகக் கண்டதே டோஸ்ட்ருப் சுப்பர்மார்க்கெட்டில், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில். இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கூரையில் சூடாக்கி உறுமத் தொடங்கியது. இடுப்பு உயரத்தில் ஒரு மேசை, பக்கத்தில் முதுகு சாய்க்கிற ஒரு கதிரை. வெளியே ஆலங்கட்டி மழை.

"இந்த மேசையைப் பார்த்துக்கொள்ள உனக்கு விருப்பமாக இருக்குமா?"

ஓம் என்றேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. இரத்தம் என்று சொன்னது அவர். நான் எந்தக் காலத்திலும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் வாழ்த்துமட்டையில் முள் இலையும் சிவப்புப் பழமுமாக ஒரு செடி இருக்குமே, அதுதான் ஹொலி. அதற்கு யப்பானில் ஒரு தம்பி உண்டு: முள் இல்லை, இலை சுண்டுவிரல் நகத்தளவு, பழம் கறுப்பு. வீட்டு வேலிகளில் நின்ற வேறொரு செடிக்கு நோய் வந்து நாடு முழுக்கக் காய்ந்துபோக, அதற்குப் பதிலாக இந்த யப்பான் ஹொலியைப் பண்ணை வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தது. அதை உருண்டையாகக் கத்தரித்தது வேறு யார், நான்தான். தோர்பென் அப்படி ஒரு அழகான உருண்டையைத் தொட்டு, இதையே பொன்சாய் ஆக்குவோம் என்றார். நான் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக் காட்டினேன். வெளியே பச்சை, உள்ளே வெறும் குச்சி. அடிக்கடி மேலால் கத்தரித்தால் உள்ளே வெளிச்சம் போகாது, ஒரு தளிரும் நில்லாது.

நான் எடுத்தது வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து போட்ட செடி. ஒரு பக்கம் மொட்டை. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, அது வெட்டி எறியப்போகிற சாமான். பார்க்க வேண்டியது அடி. பண்ணைச் செடிகளில் அடிமரம் மண்ணுக்குள் இரண்டு விரல் தாழ்ந்திருக்கும், ஏனென்றால் சாடியில் மண் போடுகிற ஆட்களுக்கு அவசரம். ஒரு மரக்குச்சியால் மேல்மண்ணை மெல்லச் சுரண்டிக்கொண்டு போனேன். மண்வெட்டிப் பிடி அளவு தண்டு கீழே அகன்று, மூன்று பக்கமும் வேர் இறங்கியிருந்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? பண்ணையில் தூரத்தில் ஒரு கழிவறை இருக்கிறது. அதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கைத்தொலைபேசியில் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து ஒரு தொப்பிக்காரர் கத்திக் கத்திப் படிப்பித்தார். நான் கழிவறையில் கனநேரம் இருந்ததைத் தியானம் என்று தோர்பென் நினைத்தார்.

முதல் வெட்டு இளவேனிலில். ஒரு கணுவிலிருந்து நாலைந்து கிளை கிளம்பினால் இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வாதம் பிடித்த முழங்கால் மாதிரி வீங்கும். விட்ட கிளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பச்சை நிற்க வேண்டும். மொட்டையடித்தால் மரம் அந்தக் கிளையைக் கைவிட்டாலும் விடும். என் கையோ முப்பது வருடப் பழக்கத்தில் உருண்டையாக்கத்தான் ஓடியது. இடது கையால் வலது கையைப் பிடித்து மறித்தேன் என்றே சொல்லலாம். மூன்றில் இரண்டு பங்கு போனபிறகு மேசையில் நின்றது உரித்த கோழி மாதிரி ஒரு சாமான். தோர்பென் மூச்சை உள்ளே இழுத்து, "துணிவு" என்றார். நானோ, மரம் செத்தால் நானும் வெளியே போகவேண்டுமே என்று வெட்டிய கிளைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சாகவில்லை. பழைய தண்டிலிருந்தே பச்சைப் பச்சையாகத் தளிர் வெடித்தது. அந்த வருடம் வேரில் கை வைக்கவில்லை. தலையையும் காலையும் ஒரே வருடத்தில் வெட்டக்கூடாது. அடுத்த இளவேனிலில், மொட்டு விரிய முந்தி, வேரை ஒரு கொழுக்கியால் கோதி, அடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, தட்டையான சாடிக்கு மாற்றினேன். தண்ணீர் ஓடிப்போகிற பருமணல் மாதிரியான மண் தேவை. தோர்பென் யப்பானிலிருந்து எடுப்பித்த மண் முடிந்துவிட்டது. தொப்பிக்காரரோ பூனைமண்ணும் சரி என்று சொல்லியிருந்தார். பூனை கழிவதற்குப் போடுவார்களே, அது. வடக்கே ஒரு தீவில் கிண்டிச் சுட்ட களிமண். நான் இரண்டு பை வாங்கி வைத்திருந்ததை வீட்டில் கண்டுவிட்டு, "பூனை இல்லாத வீட்டில உது எதுக்கு?" என்று மனைவி றஞ்சினி கேட்டாள். தோர்பென் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, கண்ணை மூடி, யப்பானின் மலைகள் தெரிகின்றன என்றார்.

பிறகு இலை மஞ்சளாகியது. எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஹொலிக்கு அது ஆகாது. மழைத்தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று வைத்து அதிலிருந்துதான் விட்டேன். ஏன் என்று தோர்பென் கேட்டார். "கேத்திலின் அடியைப் பார்" என்றேன். தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்ணாம்பு படிந்திருக்குமே, அதைத்தான் சொன்னேன். அடுத்த நாள் கோப்பி அறைச் சுவரில் ஒரு அட்டை: கேத்திலின் அடியைப் பார் – யோகா. என் பெயரோடு அது அங்கே வருடக்கணக்கில் தொங்கியது. மாரெக் மட்டும் கேத்திலைத் திறந்து பார்த்துவிட்டு, வினாகிரி ஊற்றிக் கழுவி வைத்தார்.

மூன்றாம் வருடம் கம்பி கட்டினேன். ஹொலியின் இளம் கிளை சொன்னபடி வளையும். முதிர்ந்தது முறைக்கும், பிறகு சொல்லாமல் முறியும். கீழ்க்கிளையை வளைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். வெடிப்பை அமத்தி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, கிளையை இழுத்துப் பிடித்த கம்பியைத் தளர்த்திவிட்டு, ஐப்பசி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொருந்திக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வருட முடிவில் அது ஒரு மரமாகத்தான் நின்றது. காற்றுக்கு எதிரே நின்று பழகிய ஒரு சின்ன மரம். எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது. இரத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூன்று வருடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும்.

அப்போதுதான் முதலாளி தலையிட்டார். வயதானவர், வாய்ப்பாடு மட்டும் தெரிந்தவர். பொன்சாய் மேசையில் விற்பனை இல்லை, அந்த இடத்தில் தோட்டக் கதிரைகள் போடலாம் என்றார். வைகாசியில் பண்ணையின் ஆண்டுவிழா. அன்றைக்குச் சனம் அந்த மேசையடியில் நின்று பார்த்தால் மேசை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. மேசை இல்லாவிட்டால் நானும் உள்ளே இல்லை. என் ஹொலியை நடுவில் வைத்துக் காட்டுவதென்று தோர்பென் முடிவெடுத்தார். எல்லாம் அந்த ஒரு மரத்தின் தலையில் வந்து விழுந்தது.

மாரிகாலத்தில் கண்ணாடிக்கூடம் நத்தார்ப் பூக்களுக்காகச் சூடாகக் கிடக்கும். ஹொலிக்குக் குளிர் வேண்டும், உறைகிற காற்று மட்டும் கூடாது. அதனால் மரத்தை என் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்வளவுக் கொட்டிலில் வைத்தேன். பங்குனிக் கடைசியில் என் தம்பியின் மகளுக்குக் கனடாவில் கலியாணம். மூன்று கிழமை போகவேண்டியிருந்தது. றஞ்சினிக்கு வேலையில் லீவு இல்லை. அவளுக்குத் துணையாக ஓல்போர்க்கிலிருந்து அவளுடைய அக்கா புஸ்பம் மச்சாள் வந்து நின்றா.

மச்சாளை அறிமுகப்படுத்த வேண்டும். பெந்தெகொஸ்தே சபையில் முன்வரிசை. சாதகம், நாள் நட்சத்திரம், கண்ணூறு எல்லாவற்றையும் இயேசுவின் நாமத்தில் கைவிட்டவ. எங்களையும் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனது அவதான். எங்கள் மகனுக்கு முப்பத்திமூன்று வயதாகியும் கலியாணம் சரிவரவில்லை என்பதில் எங்களை விட அவவுக்குத்தான் கவலை.

கனடாவிலிருந்து வந்த அன்று, பெட்டியை இறக்கியதும் நான் போனது கொட்டிலுக்கு. மரத்தைக் காணோம். சாடி மட்டும் இருந்தது, யன்னலோரத்தில், வெயில் படுகிற மாதிரி. அந்த நீலச் சாடிக்குள், என் பூனைமண்ணுக்கு மேல் ஏதோ கறுப்பு மண் போட்டு, கொத்தமல்லி முளைத்திருந்தது.

"றஞ்சினி!"

"ஏன் கத்திறியள்? அக்கா நித்திரை."

"என்ர மரம் எங்கை?"

அவள் பின்வளவைக் காட்டினாள். வேலியோரத்தில், மண்ணுக்குள், பக்கத்து வீட்டு நாய் மூத்திரம் பெய்கிற இடத்தில், என் ஹொலி நின்றது. கம்பி ஒன்றும் இல்லை. அடியில் கோழி உரம் குவியலாக. மூன்று கிழமைக்குள் அது எல்லாப் பக்கமும் விரல் நீளத்துக்குத் தளிர் எறிந்து, பரட்டைத் தலையோடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நின்றது. அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

புஸ்பம் மச்சாள் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தா. "தம்பி, கோவிக்காதையும். வளர வேண்டிய ஒண்டைக் கம்பியால கட்டிக் குறுக்கி வீட்டில வச்சிருந்தா, வீட்டில இருக்கிற பிள்ளையின்ர காரியம் எப்பிடி நடக்கும்?"

"மச்சாள், நீங்கள் உதுகளை நம்பிறேல்லை எண்டெல்லோ சொல்லுறனீங்கள்?"

"ஓம், நம்பிறேல்லைத்தான். உதெல்லாம் பழைய வாழ்க்கை. ஆனா நம்பாட்டிலும் என்னத்துக்கு வீட்டில வச்சிருப்பான்? சும்மா பிடுங்கி நடேல்லை. ரெண்டு பேரும் முழங்காலில நிண்டு ஜெபிச்சுப்போட்டுத்தான் நட்டனாங்கள்."

நான் றஞ்சினியைப் பார்த்தேன். நீயுமா என்று கேட்க நினைத்தேன். அதற்கு முந்தி அவள் தொடங்கினாள். "மூண்டு வருசமா உந்தக் குச்சியைப் பாக்கிற மாதிரி என்னை ஒருக்கால் பாத்திருப்பியளே? எனக்கு அதைக் காணேக்கை எல்லாம் மூச்சு முட்டும். கழுத்தில கம்பி, கையில கம்பி. ஆண்டவர் படைச்ச சீவன்."

"என்ர வேலையடி அது!"

"வேலையெண்டா பண்ணையில வைக்கிறது. வீட்டுக்கு ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

முழுத் தளிரில் நிற்கிற மரத்தை இனிக் கிண்டினால் அது சாகும். கிண்டாவிட்டால் ஆண்டுவிழாவுக்கு மேசையில் வைக்க ஒன்றும் இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் என் இடம் போகும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தோர்பெனுக்குத் தொலைபேசி எடுத்து, வந்து பார் என்றேன்.

வந்தார். வளவுக்குள் நின்ற மரத்தைக் கண்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. "தோர்பென், இது நான் செய்தது இல்லை. என் மனைவியும் அவளின் அக்காவும் செய்தது. மரத்தை இப்படிக் குறுக்கி வைத்தால் மகனுக்குக் கலியாணம் நடக்காது என்று ஒரு மூட நம்பிக்கை. மூன்று வருட வேலை நாசம். மன்னித்துக்கொள்" என்றேன்.

அவர் ஈரப் புல்லில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார். பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"மூன்று வருடம் கட்டி வளர்த்து," என்றார், "பிறகு ஒருநாள் அவிழ்த்து விட்டுவிடுவது. யப்பானில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை."

"அது இல்லை தோர்பென், நான் சொல்வதைக் கேள்..."

"உன் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது."

குசினி யன்னலால் றஞ்சினி எட்டிப் பார்த்தாள். "என்னவாம்? வேலையால நிப்பாட்டப்போறாரோ?"

"இல்லை. அழுறார்."

"ஏனாம்?"

"சந்தோசத்தில."

"அப்ப தேத்தண்ணி போடட்டே?"

போட்டாள். கொத்தமல்லி போட்ட வடையும் வந்தது. தோர்பென் மச்சாளுக்கும் குனிந்தார். மச்சாள் பதிலுக்கு "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றா. அந்த வருடமே மகன் டெனிஷில் எங்களுக்கு அறிவித்தான்: தான் ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறானாம், கலியாணம் ஒன்றும் கட்டுகிற எண்ணம் இல்லையாம். "அரைவாசி பலிச்சிருக்கு" என்றா மச்சாள்.

ஆண்டுவிழாவில் தோர்பென் ஒரு பெரிய பலகையில் என் வீட்டு வேலியோர மரத்தின் படத்தை வைத்துப் பேசினார். கட்டுவது பாதி வழிதானாம், அவிழ்ப்பதுதான் முடிவாம், இது யோகாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஞானமாம். சனம் கண்ணைத் துடைத்தது. முதலாளி சனத்தைப் பார்த்தார், சனத்தின் கையிலிருந்த பணப்பையைப் பார்த்தார். அடுத்த கிழமையே திட்டம் வந்துவிட்டது. வீடுகளில் பொன்சாய் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவரலாம், பண்ணை வெளியில் ஒரு துண்டு நிலத்தில் அதற்கு விடுதலை கொடுக்கலாம், பெயர்ப்பலகையும் நாட்டலாம். பொன்சாயை அவிழ்த்து விடுகிற பண்ணைக்குப் பொன்சாய் மேசை எதற்கு? கண்ணாடிக்கூடத்தில் மேசை இருந்த இடத்துக்குத் தோட்டக் கதிரைகள் வந்தன.

"மரங்களை மண்ணிடம் கொடுக்கிறவனாக இருக்க உனக்கு விருப்பமாக இருக்குமா?" என்று தோர்பென் கேட்டார். கையில் ஒரு புது மண்வெட்டி வைத்திருந்தார்.

"என் முதுகு, தோர்பென். வைத்தியர் கிண்டாதே என்றவர்."

"அவசரப்படாதே. உன் வேகத்தில் செய்."

தொழிற்சங்கத்துக்குப் போகவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். சங்கத்துப் பெண் என் பெயரைக் கேட்டதும் எழும்பிக் கைகொடுத்தாள். தன் வீட்டிலும் ஒரு பொன்சாய் இருக்கிறதாம், எந்தச் சனிக்கிழமை கொண்டுவரலாம் என்று கேட்டாள்.

ஆக, வேலை நிலையத்துக் கதிரையா மண்வெட்டியா என்று யோசித்து, நான் மண்வெட்டியை எடுத்தேன். அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் கிண்டினேன். சனம் கொண்டுவந்ததில் அநேகமானவை சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற பைக்கஸ் செடிகள், எங்கள் ஊர் ஆலமரத்தின் சொந்தம். புரட்டாதிக் குளிருக்கே இலை கொட்டும், முதல் உறைபனியில் சாகும். தோர்பெனிடம் சொன்னேன். இவை சூட்டு நாட்டு மரங்கள், மண்ணில் வைத்தால் கார்த்திகை காணாது என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, "போக விடுவதும் விடுதலைதான்" என்றார். நான் அன்றைக்கு ஆத்திரத்தில் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தூறல். ஒரு குடும்பம் பாட்டிமாரோடு வந்திருந்தது, வேறு ஆட்களும் இருந்தார்கள். களிமண் ஈரத்தில் கனத்துப்போயிருந்தது. மண்வெட்டியைக் குத்தி, ஏறி மிதித்து, கிளப்பினேன். முதுகுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து, நான் கிண்டிய குழிக்குப் பக்கத்தில் விழுந்தேன். இடது கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

சனம் அமைதியாக நின்றது. ஒருவரும் ஓடி வரவில்லை. ஒரு அம்மா தொப்பியைக் கழற்றினா. பக்கத்தில் நின்ற பெரியவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினார். தோர்பென் ஏப்ரனோடு முன்னால் வந்து, யாரும் குழப்பவேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் டெனிஷில், ஒவ்வொரு சொல்லாக, "அம்புலன்சுக்கு அடியுங்கள்" என்றேன். அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். தூரத்தில் உழவு இயந்திரத்தின் மேலிருந்த மாரெக்தான் இறங்கி ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கைத்தொலைபேசியை எடுத்தார்.

அம்புலன்ஸ் வந்தது. என்னைப் பலகையில் கட்டித் தூக்கினார்கள். ஒரு இளம் பெண் பக்கத்தில் நடந்துகொண்டு, கையிலிருந்த கருவியில் விபரம் பதிந்தாள். பெயர், வயது, எங்கே வலி. கடைசியாக, இது வேலை செய்யும்போது நடந்ததா என்று கேட்டாள். டென்மார்க்கில் இந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. வேலையில் போன முதுகுக்கு நட்டஈடு உண்டு, விளையாட்டில் போன முதுகுக்கு வலிக்குளிசை மட்டும்தான். அது எனக்குத் தெரியும். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வலியில் சத்தம் வரவில்லை. பெண் நிமிர்ந்து தோர்பெனைப் பார்த்தாள்.

தோர்பென் என் கையைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். அவருடைய கன்னத்தில் ஓடியது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. மனிதர் என்னை உண்மையாகவே மதித்தார், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"வேலையா?" என்றார், அப்படி ஒரு கேள்வியே என்னை அவமதிக்கிறது என்பது போல. "இல்லை, இல்லை. யோகாவுக்கு இது என்றைக்குமே வேலையாக இருந்ததில்லை."

பெண் தலையை ஆட்டிவிட்டு, பொழுதுபோக்கு என்று பதிந்தாள்.